நாலுக்கு இரண்டு

மன்னார் பஸ் நிலையத்தில் ஒருநாள் மத்தியானம் ஒரு பெரியவர் குடையை ஓங்கிக்கொண்டு, என்னோடு வேலை செய்கிற நானாவை அடிக்க வந்தார். மீன் சந்தையிலிருந்தே ஒருவன் விடாமல் பின்னால் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் என் ஊரான நானாட்டானுக்குப் போகும் பஸ்ஸுக்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“என்னடாப்பா பாக்கிறாய்? என்ர தலையில கொம்பு கிம்பு முளைச்சிருக்கோ?”

“கோவிக்காதேங்கோ. உங்கட புருவத்தைத்தான் பாத்தனான்.”

“புருவத்தையோ?”

“ஓம். நடுவில சேந்திருக்கு. அதுதான்.”

குடை அந்தரத்திலேயே நின்றது. பைத்தியத்தை அடித்தால் பாவம் சேரும் என்று பெரியவர் நினைத்திருக்க வேண்டும். நான் ஓடிப்போய், “ஐயா, இவர் எங்கட கந்தோர் ஆள். நாள் முழுக்கப் படம் பாக்கிற வேலை. பாத்துப் பாத்து இப்பிடி ஆகிப்போனார்” என்று சமாதானம் சொல்லி அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்தால், ஒன்றுமே நடக்காதது போல நானா சொல்கிறார், “கன்னம் சரிவரேல்ல, தங்கச்சி. ஒட்டிப்போய்க் கிடக்கு.” எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையை நான் இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

நானா என்பது அவர் பெயரல்ல. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தம்பி தங்கை என்று யாரும் கிடையாது. ஆனாலும் கந்தோரில் இருந்த அத்தனை பேருக்கும், நானாட்டான் வயல்காரர் வீட்டிலிருந்து வருகிற எனக்கும்கூட, அவர் நானாதான். ஊர் கொண்டச்சி. அங்கே வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் “பாப்பம்” என்பார். அந்தப் பாப்பத்திலேயே தலை பாதி நரைத்துவிட்டது.

எங்கள் வேலை என்னவென்று என் அம்மாவுக்கே விளங்கப்படுத்த முடியவில்லை. மன்னார் நகரத்தில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடி. குளிரூட்டிய அறை, வரிசையாகக் கணினிகள். யாரோ எங்கேயோ ஒரு தேடும் இயந்திரத்தைச் செய்கிறார்கள். ‘மழையில் நனைந்த சைக்கிள்’ என்று எழுதித் தேடினால் அது பத்துப் படங்களைக் கொண்டுவந்து போடும். கொண்டுவந்தது சரியா பிழையா என்று அதற்குத் தெரியாது. மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல பொருத்தம் என்றால் நான்கு மார்க், சம்பந்தமே இல்லை என்றால் பூச்சியம். சில நாட்களில் எழுத்துக்குப் பதிலாக ஒரு படத்தையே தந்து, மற்றப் படம் இதற்கு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கேட்பார்கள். “அப்ப ரீச்சர் வேலை மாதிரி” என்றார் அம்மா. ஓம் என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

ஒத்திருப்பது வேறு, பொருந்துவது வேறு என்று பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித் தந்தார்கள். நீல வள்ளமும் நீலக் குளியல் தொட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். வள்ளத்தைத் தேடி வந்தவனுக்குத் தொட்டியால் என்ன பிரயோசனம்? எங்கள் எல்லாருக்கும் இது விளங்கியது. நானாவுக்கு மட்டும் விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள மனமில்லை.

“நானா, அது தொட்டி. பூச்சியத்தைப் போட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ.”

“விளிம்பைப் பாருங்கோ, தங்கச்சி. அந்த வளைவு அப்பிடியே வள்ளத்தின்ர வளைவு. ஒண்டெண்டாலும் போடவேணும்.”

“அந்த ஒண்டில ஏறிக் கடலுக்குப் போவீங்களோ?”

“போகேலாது. ஆனா ஒண்டுமே இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

இப்படியே எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சாயலைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவர் போடும் மார்க் மற்றவர்களுடைய மார்க்கோடு ஒத்துப்போகாது. கொழும்பிலிருந்து காணொளியில் வருகிற மேற்பார்வையாளர் ஒவ்வொரு வாரமும் அவரைக் கண்டிப்பார். நானா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அழைப்பு முடிந்ததும் எங்களைப் பார்த்து, “அந்தப் பொடியன்ர காது, எங்கட ஊர்ப் பாண்காரன்ர காது” என்பார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஒத்துப்போவதைப் பற்றி நாங்களும் பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ‘மன்னார் நகரம்’ என்ற தேடலுக்கு ஒருமுறை ஒரு கடை வாசலில் கழுதைகள் கூட்டமாகப் படுத்திருக்கும் படம் வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் யோசிக்காமல் நான்கு போட்டோம். கழுதை இல்லாமல் என்ன மன்னார்? மறுநாள் மேலிடத்திலிருந்து அறை முழுவதற்கும் சேர்த்து ஒரு கண்டனம் வந்தது. நகரத்தைக் கேட்டால் விலங்குக்கு முழு மார்க் போடுவதா என்று. அதை மேற்பார்வையாளர் வாசித்துக்கொண்டிருந்தபோதே கீழே தெருவில் ஒரு கழுதை லொறியை மறித்துக்கொண்டு நின்றது. நானா ஜன்னலால் எட்டிப் பார்த்து, “இதுக்கு இன்னும் விசயம் போய்ச் சேரேல்ல போல” என்றார்.

இப்போது அந்த மேல்மாடியில் ரியூசன் வகுப்பு நடக்கிறது. படங்களுக்கு மார்க் போடுகிற வேலையையும் இயந்திரமே பார்த்துக்கொள்கிறதாம். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம்.

மனிதரைப் பார்ப்பதும் நானாவுக்குப் படம் பார்ப்பது போலத்தான். என் சிரிப்பு யாரோ ஒரு மருந்துக்கடைக்காரியின் சிரிப்பு என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் சிரிப்பு என்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டுமே! ஆம்பிளைகளைப் பார்த்தால் இன்னும் மோசம். நெற்றி, புருவம், கன்னம் என்று கண் துண்டு துண்டாக மேயும். எதிரே நிற்பவர் கதைப்பது காதில் ஏறாது. சில நாட்களில் அவரோடு கதைக்கவே எனக்கு மனம் வராது. நம்மைப் பார்க்கிறாரா, நமக்குப் பின்னால் வேறு யாரையோ தேடுகிறாரா என்று தெரியாத ஒருவரோடு என்னத்தைக் கதைப்பது?

குடைக்காரப் பெரியவர் போன அன்றுதான் எனக்கு விசயம் தெரிந்தது. நானாவுடைய பஸ்ஸும் வரவில்லை, என்னுடையதும் வரவில்லை. நான் கோபமாகவே கேட்டேன்.

“ஆரைத் தேடுறீங்கள் நானா?”

“வாப்பாவை.”

“காணாமப் போனவரோ?”

“இல்ல, இல்ல. மௌத்தாப் போயிட்டார். நான் தவழுற வயசில கடலில போனவர். நான் தேடுறது அவரையில்ல, அவற்ற முகத்தை.”

வாப்பா வெளியூரிலிருந்து சங்கு குளிக்க வந்து, கொண்டச்சியிலேயே கல்யாணம் கட்டித் தங்கியவர். சொந்தக்காரர் என்று அவருக்கு யாரும் இல்லை. சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிற ஒரு படம் மட்டும் வீட்டு அலுமாரியில் இருந்திருக்கிறது. சில வருடங்களில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். உம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நானா வளர்ந்து ஊர் திரும்பிப் பார்த்தபோது வளவு காடாகிக் கிடந்தது. அலுமாரியைத் தேடுவதற்கு வீடே இருக்கவில்லை.

“ஊரில பழைய ஆக்கள் இருப்பினம்தானே? கேக்கேல்லையோ?”

“கேட்டனான். எல்லாரும் நல்ல மனுசன் எண்டுதான் சொல்லுகினம். நல்ல மனுசன் எண்டா முகம் எப்பிடி இருக்கும், தங்கச்சி?”

“கண்ணாடியைப் பாருங்கோவன். மகன்தானே நீங்கள்.”

“நான் உம்மாவை உரிச்சு வச்ச மாதிரி. ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவினம்” என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இனி அந்த முகத்தை விவரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் புத்தளத்திலேயே தங்கிவிட்ட உம்மாதான். உம்மா அதைத் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தார். சேர்ந்த புருவம், நிறைந்த கன்னம், பள்ளிவாசலில் பாங்கு சொன்னவருடைய நெற்றி. நானா அந்தத் துண்டுகளைப் போனில் எழுதித் தேடுவார். வந்த முகங்களில் சிலதைப் படக்கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சிட்டு, மாதம் ஒருமுறை புத்தளத்துக்குக் கொண்டுபோவார். எங்களைப் போலவே உம்மாவையும் நாலுக்கு மார்க் போடப் பழக்கியிருந்தார். உம்மா ‘இன்னும் கொஞ்சம் கறுப்பு’ என்றால் அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கறுத்த முகங்கள் போகும். ‘இவர்ர கண் சரி’ என்றால் அந்தப் படத்தையே கொடுத்து அதைப் போன்ற முகங்களைத் தேடுவார். மாலைதீவுக்காரன், மலையாளத்துக்காரன், எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, எல்லாரும் வரிசையாகப் புத்தளம் போய் மார்க் வாங்கினார்கள். உம்மா கண்ணை மூடுவதற்குள் ஒரு படத்துக்காவது நான்கு விழ வேண்டும். நானாவுக்கு வாழ்க்கையில் வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த உம்மாவை நான் ஒருமுறைதான் பார்த்தேன். சிலாபத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நானாவும் அன்றைக்குப் புத்தளம் போகிறார் என்று ஒன்றாகவே பஸ் ஏறினோம். மதவாச்சி, அனுராதபுரம் என்று சுற்றி ஓடுகிற ஓட்டத்தில் இடுப்பு கழன்றுவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நானா வீட்டுக்குக் கூட்டிப் போனார். உம்மா எனக்காகப் பாரை மீன் குழம்பு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமையில் நான் மச்சம் தொடமாட்டேன் என்றதும் பதறிப்போய், வாடிக்கிடந்த ஒரு கத்தரிக்காயைத் தேடியெடுத்துப் பொரித்துத் தந்தார். உண்மைதான், முகம் அப்படியே நானாவின் முகம்.

சோறு வேகிற நேரத்தில் படங்கள் வெளியே வந்தன. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானா பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தார்.

“இதுக்கு எவ்வளவு, உம்மா?”

“மூக்கு வருகுது மகன். தாடை வேற. ரெண்டு போடு.”

“இது?”

“நெத்தி அப்பிடித்தான். ஆனா இவருக்குக் கண்ணில ஒரு கள்ளம் இருக்கு. உன்ர வாப்பாக்குக் கள்ளம் தெரியாது. இதுக்கும் ரெண்டு.”

பள்ளிவாசலில் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். படங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்த உம்மா, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“மகள், அவன் அங்க ஒழுங்காச் சாப்பிடுறவனோ?”

“ஓம் உம்மா. பார்சல் கொண்டு வருவார்.”

“தனியக் கிடக்கிறான். நானும் இங்க தனியக் கிடக்கிறன்.” படக்கட்டை ஓரமாக வைத்தார். “உனக்கிட்டச் சொல்லலாம் போல கிடக்கு. எனக்கு அவர்ர முகம் ஞாபகமில்ல.”

“விளங்கேல்ல, உம்மா” என்றேன்.

“எப்ப போச்செண்டும் தெரியாது. கண்ணை மூடினா அவர் இருமுற சத்தம் வரும். முற்றத்தில கால் கழுவுற சத்தம் வரும். முகம் மட்டும் வராது. முந்தி இருந்தது, மகள். கனகாலம் இருந்தது. பிறகு பாத்தா இல்ல.”

“அப்ப இந்த மார்க் எல்லாம்…?”

“வாயில வாறதைச் சொல்லுறன். மறந்துபோச்செண்டு சொன்னா அவனுக்கு ஆர் இருக்கினம் கேக்க? நாலு போட்டாலும் பிழை. இதுதான் வாப்பா எண்டு நினைச்சுப்போட்டுப் பேசாம இருந்திடுவான். ரெண்டு போட்டாத்தானே அடுத்த மாசமும் படம் கொண்டு வருவான்.”

நானா திரும்பி வந்து, “என்ன, ரெண்டு பேரும் என்னைப் பத்தித்தானே கதைச்சனீங்கள்?” என்று கேட்டார். “நீ சோத்தை வீணாக்கிறதைச் சொன்னனான்” என்றார் உம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. சிலாபம் போகும் பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என்னைக் கேட்காமலே அந்தக் கிழவி ஒரு பாரத்தை என் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நானா உற்சாகமாக வந்தார். “தாடையை மாத்தித் தேடவேணும், தங்கச்சி” என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்றேன். அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் போய்வந்தார். மார்க்கும் இரண்டாகவே வந்துகொண்டிருந்தது. உம்மா சொன்னதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

உம்மா மௌத்தான செய்தி அவருக்கு வேலைநேரத்தில் கந்தோர் போனுக்கு வந்தது. வேலைக்கு நுழையும்போது எல்லாரும் வாசல் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டிய சொந்தப் போனைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். எங்களில் ஒருவர் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தார். ஜனாஸா எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு அறிந்தோம்.

திரும்பி வந்த நானா முந்தியைவிட அதிகமாகக் கதைத்தார். எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். எனக்கு அது பயமாக இருந்தது. ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் பின்பக்கத்து மாடத்தில் நாங்கள் இருவரும் மட்டும் நின்றோம். காற்று, கரையில் மீன் காயப்போடும் வாடிகளின் மணத்தை அள்ளிக்கொண்டு வந்தது. நானா போனை எடுத்து என்னிடம் நீட்டினார். வள்ளத்தில் சாய்ந்து நிற்கிற ஒரு ஆள். சேர்ந்த புருவம், நிறைந்த கன்னம், அகன்ற நெற்றி.

“இன்னும் தேடுறீங்களோ நானா?”

“கை பழகிப்போச்சு.” பிறகு, ஏதோ காலநிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். “உம்மாவுக்கு முகம் மறந்துபோனது எனக்குத் தெரியும், தங்கச்சி.”

“எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன், தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மார்க் போடுகிறவர் உண்மையாகவே பார்த்துத்தான் போடுகிறாரா என்று அறிய, ஒரே படத்தைக் கொஞ்சக் காலம் விட்டு, சொல்லாமல் இரண்டாம் முறையும் அனுப்புவார்கள். நானா அதைத் தன் உம்மாவிடம் செய்திருக்கிறார்.

“ரெண்டு தரமும் ரெண்டுதான் போட்டவ. ஆனா முதல் தரம் மூக்கு சரி, தாடை பிழை எண்டவ. அடுத்த தரம் தாடை அப்பிடியே இருக்காம், மூக்குத்தான் வேறயாம்.”

“எப்ப இது?”

“நீங்கள் வீட்டை வரமுதலே.”

“தெரிஞ்சுகொண்டோ பிறகும் படத்தைக் கொண்டு போனீங்கள்?”

“மறந்துபோனது அவவுக்கே தெரியாது, பாவம். நான் நிப்பாட்டினா ஏனெண்டு யோசிப்பா. யோசிச்சாத் தெரிஞ்சுபோகும். அந்த வயசில அதைத் தெரிஞ்சு என்ன செய்யிறது?”

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “அவவுக்குத் தெரியும் நானா” என்றேன். அந்த வெள்ளிக்கிழமை உம்மா சொன்னதையெல்லாம், இருமல் சத்தத்திலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னேன். நானா அழவில்லை. முடிந்த பிறகு ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்டார்.

“ரெண்டு போட்டாத்தான் நான் வருவனெண்டோ சொன்னவ?”

“ஓம்.”

“படம் இல்லாட்டியும் போயிருப்பனே, தங்கச்சி.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கீழே கழுதைகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. உள்ளே வேலை தொடங்க ஆட்கள் கதிரைகளை இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. நானா போனில் இருந்த அந்த வள்ளக்காரனைத் திரும்பவும் என் பக்கம் நீட்டினார்.

“நீங்கள் எவ்வளவு போடுவீங்கள்?”

“எனக்கு உங்கட வாப்பாவைத் தெரியாதே நானா.”

“உம்மாக்கும்தான் தெரியாது” என்றார். “ஆனா அவ பாத்துச் சொன்னவ.”

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கினேன்.